வருந்துவார்கள், பொறுப்பேற்க மாட்டார்கள்!

2025 ஆம் ஆண்டு யூலை 24 ஆம் நாள் இலங்கை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கிற்று. 2021 மே மாதத்திற் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் தீப்பற்றி, யூன் 2 ஆம் நாள் மூழ்கத் தொடங்கிய 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' என்னுங் கப்பலின் சொந்தக்காரரும் அவரைச் சேர்ந்தோரும் இந்நாட்டுக்கு 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டும் என்பதே அத்தீர்ப்பு. முதல் தவணையாக 25 கோடி டொலரைச் செப்டெம்பர் 23 இற்குள் கட்டுமாறும் பணிக்கப்பட்டது. தவணை நாள் நெருங்கிய வேளையிற் கப்பற் கம்பனியின் தலைமை நிர்வாகி வெளிநாட்டுச் செய்தி நிறுவனமொன்றுக்குச் செவ்வி வழங்கினார். 2021 இலேயே தொலைக்காட்சியிற் தோன்றி இலங்கை மக்களிடம் மன்னிப்புக் கோரியவர் அவர். இம்முறையும் அழிவு பெரிது என்பதை மறுக்கவில்லை. ஆனால் நீதிமன்றங் கூறிய தொகையைக் கட்டப்போவதில்லை என்றார். கட்டினால் உலகக் கப்பற்றொழிலுக்கே அஃது ஆபத்தான முன்மாதிரியாகிவிடும் என்றார்.

வருத்தமும் பொறுப்பும் ஒரு வயிற்றிற் பிறந்தவை என்று எண்ணிக்கொண்டிருக்கும் எம்போன்றோருக்கு இது விளங்காத புதிராகத் தோன்றலாம். எம் மாடு அயலவனின் தோட்டத்தில் இறங்கி மேய்ந்துவிட்டால், "பிழைதான் அண்ணை" என்று சொல்லும்போதே நட்டத்தைக் கொடுக்குங் கடமையையும் ஏற்றுக்கொள்கிறோம். வலிகாமத்துக் குடியானவன் அறிந்த நீதி அவ்வளவே. பெருங் கம்பனிகளும் அரச திணைக்களங்களும் சபைகளும் கற்றுவைத்திருக்கும் நீதி வேறு. அங்கே வருத்தந் தெரிவிப்பது ஒரு பிரிவின் வேலை. பொறுப்பை மறுப்பது இன்னொரு பிரிவின் வேலை. முன்னதைப் பத்திரிகைத் தொடர்பாளர் செய்வார், பின்னதைச் சட்டத்தரணி செய்வார். இருவருக்குஞ் சம்பளங் கொடுப்பது ஒரே கை. 'நெருக்கடித் தொடர்பாடல்' என்று இவ்வித்தைக்கு இன்று ஓர் அழகிய பெயருமுண்டு. சர்வகலாசாலைகளில் இது பாடம். இதிற் கைதேர்ந்தோருக்குக் கொழும்பிலே குளிரூட்டிய காரியாலயங்களும் உண்டு.

கப்பல் விடயத்தையே பாருங்கள். 1,486 கொள்கலன்களோடு வந்த அக்கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலமும் இருந்தது. அமிலங் கசிவதை மாலுமிகள் மே 11 ஆம் நாளே கண்டுவிட்டனர். கட்டார் நாட்டின் துறைமுகமும் இந்தியாவின் ஹசிரா துறைமுகமும் கசியுங் கொள்கலனை இறக்க இடங்கொடுக்கவில்லை. அந்நிலையிலேயே அது கொழும்புக்கு அப்பால் வந்து நங்கூரமிட்டது. நீர்கொழும்புக் கரையிற் கரைவலை இழுப்பவன் இதையறிந்தானா? வானிலே கரும்புகை எழுந்தபிறகே அறிந்தான். சுமார் 1,680 தொன் பிளாத்திக்குக் குறுமணிகள் கடலிற் கொட்டுண்டு, மேற்குக் கரை முழுவதும் வெண்பனி பெய்ததுபோற் படிந்தபிறகே அறிந்தான். ஆமைகளும் ஓங்கில்களும் செத்துக் கரையொதுங்கியபின் அறிந்தான். மீன்பிடிக்கத் தடையென்று அவனுக்குச் சொல்லப்பட்டது. எதுவரை, ஏன், எவர் பதில் சொல்வார் என்பவை சொல்லப்படவில்லை. கம்பனியின் மன்னிப்பு உலகத் தொலைக்காட்சிகளில் ஒலித்தது. பொறுப்புக்கு எல்லை கட்டும் வழக்கோ இலண்டனில் நடந்தது. 2023 யூலையில் அங்குள்ள கடற்றுறை நீதிமன்றம் அவ்வெல்லையைச் சுமார் 1 கோடி 90 இலட்சம் பவுண் என வரைந்தது. 2025 இல் எமது உயர் நீதிமன்றம் கணித்த 100 கோடி டொலரோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மன்னிப்பின் சந்தை விலை எவ்வளவென்பது தெரியவரும்.

அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நாம் கூறவரவில்லை. பொய் சொல்வது இவ்வித்தையிற் கீழ்த்தரமான பகுதி. தேர்ந்தோர் அதனைத் தொடமாட்டார். பேசிய ஒவ்வொரு சொல்லும் உண்மையாயிருக்க, பேச்சு முழுவதும் மக்களை ஏமாற்றுவதாயிருக்க வேண்டும். அங்கேதான் திறமை இருக்கிறது.

வித்தையின் பூர்வீகம்

இது நேற்று முளைத்த காளானன்று. 1914 ஏப்பிரல் 20 ஆம் நாள் அமெரிக்காவின் கொலராடோவில், லட்லோ என்னுமிடத்திற் கூடாரமடித்து வேலைநிறுத்தஞ் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்மீது துப்பாக்கிகள் முழங்கின, கூடாரங்கள் எரிக்கப்பட்டன. நிலவறையொன்றில் ஒளித்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சடைத்து மாண்டனர். சுரங்கத்தின் பெரும் பங்காளர் ரொக்கபெல்லர் குடும்பத்தினர். நாடே கொதித்தெழுந்தபோது அவர்கள் அமர்த்திய மனிதர் ஐவி லீ. முன்னாட் பத்திரிகையாளர், மக்களுக்கு உண்மையை மட்டுமே வழங்குவேன் என்று பிரகடனஞ் செய்து தொழில் நடத்தியவர். அவர் எழுதி நாடெங்கும் அனுப்பிய துண்டறிக்கைகளில், கூடாரத்து அடுப்புக் கவிழ்ந்ததாலேயே தீ மூண்டதென்ற கதை இருந்தது. தொழிற்சங்கத் தலைவர்களின் சம்பளம் பெருப்பித்துக் காட்டப்பட்டது. விசாரணைக் குழுவின் முன் அவரை நிறுத்தி, இத்தகவல்களின் உண்மையை எங்ஙனஞ் சோதித்தீர் என்று கேட்டபோது, கம்பனி தந்ததைத் தந்தேன் என்பதற்கு மேல் அவரிடம் விடையிருக்கவில்லை. எழுத்தாளர் அப்டன் சிங்கிளயர் அவரது பெயரைத் திரித்து, நச்சுக்கொடி என்ற பொருளில் ஒரு பட்டப் பெயர் சூட்டினார். அந்தப் பெயர் சாகுமட்டும் அவரை விடவில்லை.

அடுத்த தலைமுறை இன்னும் நுட்பமானது. 1953 டிசெம்பரில் அமெரிக்கச் சிகரெட்டுக் கம்பனிகளின் தலைவர்கள் நியூயோர்க்கில் ஒரு பெருவிடுதியிற் கூடினர். புகையிலைத் தாரை எலியின் முதுகிற் பூசியபோது புற்று வளர்ந்ததென்ற ஆராய்ச்சி வெளிவந்திருந்தது. பங்குகளின் விலை சரிந்திருந்தது. ஹில் அன்ட் நோல்டன் என்னும் மக்கள் தொடர்பு நிறுவனம் அவர்களுக்கு வழிகாட்டிற்று. 1954 சனவரி 4 ஆம் நாள் 400 இற்கு மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரமொன்று வெளிவந்தது. மக்களின் சுகநலமே எமது முதற் கடமை, ஆராய்ச்சிக்கு உதவுவோம், அதற்கெனக் குழுவொன்றை அமைப்போம் என்பது அதன் சாரம். அதில் எதனை மறுக்க முடியும்? ஆராய்ச்சி வேண்டாமென்று சொல்லுவார் யார்? சிகரெட்டு நல்லது என்று அவர்கள் சொல்லவேயில்லை. கேள்வி இன்னுந் தீரவில்லை, நிபுணர் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று மட்டுஞ் சொன்னார்கள். அந்தத் 'தீராத கேள்வி' ஏறத்தாழ அரை நூற்றாண்டு தீராமலேயிருந்தது. புகைப்பவர் புகைத்துக்கொண்டும் இருமிக்கொண்டும் இருந்தார்கள். 2006 இல் அமெரிக்க நீதிமன்றமொன்று இக்கம்பனிகள் பல்லாண்டு காலம் பொதுமக்களை ஏமாற்றினவென்று தீர்ப்பளித்தபோது, அவ்விளம்பரத்தை எழுதியோர் பெரும்பாலும் மண்ணுக்குட் போய்விட்டனர்.

சந்தேகத்தை விளைவித்து விற்கலாம் என்பது அன்று கண்டுபிடிக்கப்பட்ட பெரும் உண்மை. அதற்குப் பின் வந்தோர் அந்த விதையையே வேறு வேறு நிலங்களில் நாட்டினர். போபாலில் 1984 டிசெம்பர் 2 ஆம் நாள் நள்ளிரவில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மடிந்தபின், யூனியன் கார்பைட் கம்பனி பராமரிப்பின் சீர்கேட்டைப் பற்றிப் பேசுவதைவிட, மனக்கசப்புற்ற ஒரு தொழிலாளியின் நாசவேலை என்பதைப் பற்றியே அதிகம் பேசிற்று. அத்தொழிலாளி எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை. 1989 இல் 47 கோடி டொலருடன் கணக்கு முடிக்கப்பட்டது. பிணங்களின் தொகையால் அதைப் பிரித்துப் பார்க்க எமக்கு மனம் வரவில்லை.

சுன்னாகத்துக் கிணறுகள்

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதைகள் என்று ஆறுதலடைய வேண்டாம். எமது கிணற்றடிக்கே இவ்வித்தை வந்து சேர்ந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறில்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்குகிறது. ஆண்டு முழுவதும் அதையே அள்ளிக் குடிக்கிறோம், அதையே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்கிறோம். இந்த நிலத்தில் ஓரிடத்திற் கொட்டிய எண்ணெய் அவ்விடத்தோடு நிற்காது. இதை அறிவதற்கு நிலவியற் கல்வி வேண்டாம். துலா மிதித்த எம் பாட்டன்மாருக்கே தெரியும், ஒரு கிணறு இறைக்க அயற்கிணறு வற்றுவது.

சுன்னாகத்தில் மின்சார சபையின் பழைய நிலையம் பல பத்தாண்டுகளாக இருந்தது. போருக்குப் பின் அதேயிடத்தில் நொதேர்ன் பவர் என்னும் தனியார் கம்பனியின் அனல்மின் நிலையமும் இயங்கிற்று. அயற்கிராமங்களிற் கிணற்று நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதப்பதாக முறைப்பாடுகள் எழுந்தன. சோற்றில் எண்ணெய் மணந்தது. துலாக்கயிற்றிற் பிசுக்கு ஒட்டிற்று. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பர் முதல் 2014 யூலை வரை 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றில் 109 இல் எண்ணெயும் கொழுப்பும் அனுமதிக்கப்பட்ட அளவை மீறியிருந்தன. நூற்றுக்கு எழுபத்துமூன்று! அரசின் சபையே, அரசின் ஆய்வுகூடத்தின் துணைகொண்டே, எண்ணிச் சொன்ன கணக்கு இது.

இதன்பின் நடக்க வேண்டியது யாது? கிணற்றுக்குச் சொந்தக்காரனிடம், உன் கிணற்றில் இவ்வளவு எண்ணெய் இருக்கிறது, குடியாதே, இன்ன நாள்வரை இன்ன இடத்தில் நீர் தருவோம் என்று எழுத்திற் கொடுத்திருக்க வேண்டும். நடந்தது என்ன? ஆளுக்கொரு விளக்கம் புறப்பட்டது. கம்பனி தன்மேற் பிழையில்லை என்றது. சிலர் மின்சார சபையின் பழைய எண்ணெயைச் சுட்டினர். வேறு சிலர் போர்க்காலத்திற் சிதறிய எண்ணெயைச் சுட்டினர். இவற்றில் ஒவ்வொன்றும் ஓரளவு உண்மையாயிருக்கலாம். அதுவே இவற்றின் வசதியுமாம். பழியை மூவருக்குப் பங்கிட்டால் எவருக்கும் பாரமாயிராது. 2015 சனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றந் தலையிட்டு மின் உற்பத்தியை நிறுத்தும்வரை இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதானிருந்தன.

எம்மை மிகவும் நோகச் செய்வது இதன்பின் வருவது. கொழும்பு எம்மை ஏய்த்ததென்றால் அது புதிதன்று. அதற்கென்று ஒரு பஞ்சாங்கமே வைத்திருக்கிறோம். ஆனால் அவ்வேளையில் வடக்கிலே எமது வாக்கினால் அமைந்த மாகாண சபை ஒன்று இருந்தது. சனங்கள் வீதிக்கு இறங்கினர், உண்ணாநிலை இருந்தனர். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, கூடாதா? மாகாண சபை நிபுணர் குழுவொன்றை நியமித்தது. குழுவின் இடைக்கால அறிக்கையாக மக்களின் காதுக்கு எட்டியது, நஞ்சான பார உலோகங்கள் காணப்படவில்லை என்னும் ஆறுதல். எண்ணெய்ப் படலத்தைக் கண்ணாற் கண்டவனுக்கு ஈயமும் ஆசெனிக்கும் இல்லையென்று சொல்லி எதற்கு? மறுபுறம், பிரதேச சபை கிராமங்களுக்குத் தண்ணீர்த் தாங்கிகளை வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. நீர் நன்றாயின் தாங்கி ஏன்? நீர் கெட்டதாயின் அந்த ஆறுதல் ஏன்? இரண்டையும் ஒருங்கே செய்த நிருவாகம், எந்தப் பக்கம் முடிந்தாலும் தனக்கு ஒரு விடை இருக்கட்டும் என்று பார்த்ததேயன்றி, குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கிணற்றடியில் நின்ற தாய்க்கு ஒரு விடை கொடுக்கவில்லை.

நிபுணர் குழுவை நாம் இகழவில்லை. நிபுணர் வேண்டும், சோதனை வேண்டும். ஆனால் 'குழு அமைத்திருக்கிறோம்' என்னும் வசனம் ஆட்சியாளர் வாயில் எப்பொழுது வருகிறதென்று கவனித்துப் பாருங்கள். விடை தெரியாதபோது அது வருவது குறைவு. விடை தெரிந்து, அது தொல்லை தருவதாயிருக்கும்போதே பெரும்பாலும் வருகிறது. 150 கிணறுகளின் கணக்கு முன்னரே கையில் இருந்ததன்றோ?

இறுதியில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்கைத் தொடுத்தவர் யார் தெரியுமா? தென்னிலங்கையைச் சேர்ந்த சுற்றாடல் அமைப்பொன்றின் தலைவர், ஒரு சிங்களவர். 2019 ஏப்பிரல் 4 ஆம் நாள் வெளியான தீர்ப்பு, அப்பகுதி நிலத்தடி நீர் மாசடைந்ததற்குக் கம்பனியைப் பொறுப்பாக்கிற்று. மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் தத்தங் கடமையிற் தவறியமையையும் எடுத்துக்காட்டிற்று. மாசுபடுத்தியவனே செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டின்படி கம்பனி 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டுமென்றும், கிணற்றைத் துப்புரவாக்க ஒருவருக்கு உச்சமாக 40,000 ரூபாய் என்றும் விதித்தது. அம்மனிதருக்கு நாம் நன்றி சொல்லவே வேண்டும். ஆயினும் எமது கிணற்றுக்காக எம் தலைவர்கள் மன்றேறாமல் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதை மறக்கவும் மாட்டோம். கிணறு நாறிய காலத்துக்கும் தீர்ப்பு வந்த காலத்துக்குமிடையிற் பிறந்த குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயதை எட்டிவிட்டது.

'சொன்னோமே!' என்னுந் தந்திரம்

சொல்லாமல் மறைப்பது ஒருவகை. சொன்னோம் என்று பதிவேட்டில் எழுதி வைத்துக்கொண்டு கைகழுவுவது இன்னொரு வகை. மலையகத்தவர் கண்டது இந்த இரண்டாவது வகை.

2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை பதுளை மாவட்டத்திற் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின்மேல் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குட் புதைந்தன. இறந்தோர் எத்தனை பேர் என்பதற்கே பல நாட்களாகப் பல கணக்குகள் வந்தன. தோட்டத் தொழிலாளரின் உயிரை எண்ணுவதில் இந்த நாட்டுக்கு என்றுமே அவசரமிருந்ததில்லை. சடலங்களைத் தோண்டி முடிக்குமுன்பே ஒரு செய்தி மட்டுந் தெளிவாக வெளிவந்தது: 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுத்தோம், மக்கள் இடம்பெயரவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அவ்விடம் ஆபத்தானதென்று அறிவித்திருந்தது உண்மை. ஆனால் எங்கே இடம்பெயர்வது? லயத்து அறை தொழிலாளியினுடையதன்று. அது நிற்கும் நிலமும் அவனுடையதன்று. மாற்றுக் காணி கொடுக்காமல் எழும்பிப் போவென்று சொல்லும் எச்சரிக்கை, உயிரைக் காப்பதற்காக எழுதப்பட்டதா, பின்னாளிற் காட்டுவதற்காக எழுதப்பட்டதா? தப்பியோருக்கு வீடு கட்டிக் கொடுக்க அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன. அந்த வீடுகளை 2005 இலோ 2011 இலோ கட்டுவதற்கு எந்த மலை தடுத்தது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அதே மலைகளைப் புரட்டிப் போட்டது. நாடெங்கும் 600 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த நாட்களிலும், அவசர அறிவித்தல்கள் தமிழிற் பிந்தியும் குறைந்துமே வந்தன என்ற முறைப்பாடு எழுந்தது. தமிழும் அரசகரும மொழியென்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987 இல். 1956 இன் அநீதியை மையினால் அழித்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளும் அரசுகளை நாம் கேட்கிறோம்: மண்சரிவு எச்சரிக்கை எந்த மொழியில் முதலில் எழுதப்படுகிறது? இரண்டாவது மொழிக்கு அது எத்தனை மணித்தியாலங் கழித்து வருகிறது? மலை அந்த மணித்தியாலங்களைக் காத்திருந்து தருமா? நாங்கள் மொழிக்காகப் போராடியபோது, பெயர்ப்பலகைக்காகவும் படிவத்துக்காகவும் போராடுகிறார்கள் என்று நகைத்தவர் பலர். அவர்கள் நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் ஒருமுறை போய் வரட்டும்.

கம்பனிகளின் தரப்பில் ஒரு நியாயம் சொல்வார்கள்: எல்லோரும் அப்படியல்லர், 1982 ஐப் பாருங்கள் என்பார்கள். சிக்காகோ நகரப் பகுதியில் டைலனோல் என்னும் நோமாத்திரையில் எவனோ சயனைட்டுக் கலந்து 7 பேர் இறந்தபோது, ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கம்பனி நாடு முழுவதுமிருந்த சுமார் 3 கோடி 10 இலட்சம் போத்தல்களைத் திருப்பி எடுத்தது. 10 கோடி டொலர் நட்டத்தைத் தாங்கிற்று. குடியாதீர்கள் என்று தானே முரசறைந்தது. மெய்தான். பாராட்டவேண்டியதுதான். இத்தொழிலைக் கற்பிக்கும் புத்தகங்களில் இக்கதை இல்லாத புத்தகம் அரிது. ஆனால் அங்கே நஞ்சைக் கலந்தவன் வெளியாள். கம்பனியும் பாதிக்கப்பட்டோர் வரிசையிலேயே நின்றது. அதே கம்பனியின் குழந்தைப் பவுடரில் அஸ்பெஸ்டஸ் இருப்பதாகச் சில சோதனைகள் 1971 முதற் காட்டி வந்தன என்றும், அவற்றை அது வெளிவிடவில்லை என்றும் 2018 இல் ரொய்ட்டர் செய்தி நிறுவனம் ஆவணங்களோடு எழுதிற்று. கம்பனி அதனை மறுத்தது. பவுடர் பாதுகாப்பானதே என்றது. எனினும் ஆயிரமாயிரம் வழக்குகளின் நடுவே, தாற்குப் பவுடர் விற்பனையை 2020 இல் வட அமெரிக்காவிலும் 2023 இல் உலகெங்கும் நிறுத்திவிட்டது. வெளியார் செய்த குற்றத்திலே திறந்த வாய், தன் வீட்டுக் கணக்கு என்றதும் எவ்வளவு மெதுவாகத் திறந்தது!

எனவே, நல்ல கம்பனி, கெட்ட கம்பனி என்று பிரித்துப் பார்ப்பதில் எமக்கு ஆர்வமில்லை. நல்ல அதிகாரி வருவாரென்று காத்திருப்பதிலும் பயனில்லை. உண்மையைச் சொல்வதா விடுவதா என்ற தெரிவு அவர்கள் கையில் இருக்கும்வரை, அவர்கள் தங்களுக்கு மலிவானதையே தெரிவார்கள். அந்தத் தெரிவைப் பறித்தெடுக்க வேண்டும்.

எமது கோரிக்கை சிக்கலானதன்று. நீரோ, காற்றோ, மலையோ, கடலோ சோதிக்கப்பட்டால், சோதனையின் எண்கள் அப்படியே, அவ்விடத்து மக்களின் மொழியில், சிங்களப் பிரதியும் ஆங்கிலப் பிரதியும் வெளிவரும் அதே நாளில், கிராம அலுவலரின் பலகையில் ஒட்டப்பட வேண்டும். 'அச்சப்படத் தேவையில்லை' என்ற வசனம் அதில் வேண்டாம். அச்சப்படுவதா இல்லையா என்பதை எண்ணைப் பார்த்தபின் நாம் தீர்மானிப்போம். சோதனைக்குப் பணம் கொடுத்தவர் யார், மாதிரி எடுத்தவர் யார், எந்தக் கிணறு, எந்த நாள், மழைக்கு முன்னா பின்னா என்பவையும் அதிலே இருக்க வேண்டும். மாரியில் எடுத்த நீரைக் காட்டிச் சித்திரை நீருக்குச் சான்றிதழ் வழங்கும் கெட்டிக்காரர்களை இந்த நாடு அறியும்.

இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கவுந் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அரச நிறுவனம் எதுவாயினும், அங்குள்ள தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறாய் என்று கேட்க அவருக்கு அதிகாரமில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் தம் முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், ஆணைக்குழுவுக்கும் போகலாம். சட்டத்தரணி வேண்டாம், பெருங் கட்டணமும் இல்லை. எம் இளைஞர்கள் கட்சிக் கொடிக்குக் கம்பு நாட்டுவதிற் செலவிடும் நேரத்திற் பத்திலொன்று இதற்குப் போதும்.

சுன்னாகம், மல்லாகம், ஏழாலை, கந்தரோடை, தெல்லிப்பழை வாசிகள் நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் எழுதட்டும். 2014 இற் சோதிக்கப்பட்ட 150 கிணறுகளும் அதன்பின் எத்தனை முறை, எந்தெந்த நாளிற் சோதிக்கப்பட்டன? ஒவ்வொன்றிலும் எண்ணெயின் அளவு எவ்வளவு? 2019 ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி இழப்பீடு கோரியோர் எத்தனை பேர், பெற்றோர் எத்தனை பேர், ஒருவருக்கு எவ்வளவு? துப்புரவாக்கப்பட்ட கிணற்றின் நீரைக் குடிக்கலாமென்று கையொப்பமிட்டவர் யார்? இந்த நான்கு கேள்விகளையும் ஒரே தாளில் எழுதலாம். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வரும் விடையையும், வராத விடையையும் எமக்கு அனுப்பி வையுங்கள். ஒரு சொல்லும் மாற்றாமல் இப்பத்திரிகையிற் பிரசுரிப்போம்.